கட்டைவிரலில் கட்டிய கயிறு

சென்ற மாதம் உங்கள் தண்டுவடப் பிரிவைப் பார்க்க வந்திருந்தேன். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி என்னை நாற்காலியில் உட்காரவைத்து, திரையில் படம் படமாகக் காட்டினாள். தண்டுவடத்தில் அடிபட்டதும் அந்த இடத்துக்கு உயிரணுக்கள் கூட்டமாக ஓடிவருகின்றனவாம். சில, செத்துப்போனதை எல்லாம் தின்று இடத்தைச் சுத்தம் செய்கின்றன. சில, ஒன்றோடொன்று நெருங்கி நின்று சுவர்போல ஒரு வடுவைக் கட்டுகின்றன. காயம் மேலும் பரவாமல் தடுப்பதும் அந்தச் சுவர்தான், அறுந்த நரம்பிழை மறுபடி வளர்ந்து போகவிடாமல் மறிப்பதும் அதேதான். அறுபடாமல் தப்பிய இழை கொஞ்சம் இருந்துவிட்டால், அது பக்கக் கிளை விட்டு, போனவற்றின் வேலையையும் தன் தலையில் போட்டுக்கொள்ளுமாம். கால் மறுபடி அசைவதெல்லாம் பெரும்பாலும் அப்படித்தான் என்றாள்.

எனக்குக் கேட்க ஆனந்தமாக இருந்தது. எங்கள் நாளில் இவ்வளவு தெளிவாகச் சொல்ல ஆள் இல்லை. அவள் கடைசியில், "இதெல்லாம் இல்லாம நீங்க எப்படி முடிவெடுத்தீங்க மேடம்?" என்று கேட்டாள். அப்போது பதில் சொல்லாமல் காப்பி குடிக்கப் போய்விட்டேன். இரண்டு வரியில் சொல்லக்கூடிய பதில் இல்லை அது. இப்போது சொல்கிறேன், உட்கார்ந்து கேளுங்கள்.

தப்பிய இழை இருக்கிறதா, இல்லையா? நாங்களும் இதைத்தான் தேடினோம். எங்கள் எக்ஸ்ரே எலும்பை மட்டும் காட்டும். எலும்புக்குள் இருப்பதைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. மிச்சத்தை அந்த மனிதனின் உடம்பிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்பது சுலபம். பதில் யாருடையது என்று கண்டுபிடிப்பதில்தான் எங்களுக்கு முடி நரைத்தது.

நான் நர்சாக வேலைக்குச் சேர்ந்தபோது பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிவிட்டுப் போய்ச் சில வருடங்களே ஆகியிருந்தன. சட்டப்படி கைமாறுவது இன்னும் பாக்கி. எங்கள் ஆஸ்பத்திரியில் மருந்து எழுதுவது பிரெஞ்சில், திட்டுவது தமிழில். நர்சுகள் எல்லோரும் நோயாளிகளுக்கு 'மதாம்', கல்யாணம் ஆகாத நானும்தான். டாக்டர் 'முசே'. ஆண்கள் வார்டில் எலும்பு முறிவுக்காரர்களுக்கு நடுவே, இடுப்புக்குக் கீழே உணர்வு போனவர்கள் ஒருவர் இருவர் எப்போதும் கிடப்பார்கள். அவர்கள் அடிபட்டதால் சாகவில்லை. படுக்கைப் புண் வந்து, சிறுநீர்ப்பை சீழ் பிடித்து, காய்ச்சலில் செத்தார்கள். உணராத உடம்பு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளாது. கல் குத்தினாலும் கொதிநீர் பட்டாலும் அது வாய் திறக்காது. அதற்குப் பதிலாக நாம்தான் பார்க்க வேண்டும், முறை வைத்துப் புரட்டிப்போட வேண்டும். இதைச் செய்ய ஆள் இருக்கும் இடத்தில் அவர்கள் பிழைத்தார்கள்.

எங்கள் டாக்டர் ஊர்க்காரர், பிரான்சில் படித்தவர். சிரிக்கமாட்டார், கோபப்படவும் மாட்டார். நான் இந்த வேலையில் எதையாவது உருப்படியாகக் கற்றிருந்தால் அதில் பாதி அவரிடம் கற்றது. அவர் பெயரைச் சொல்லமாட்டேன், சொன்னால் அவருக்குப் பிடிக்காது.

அந்த வருடம் சன்னலோரக் கட்டிலில் காதர் பாய் இருந்தார். தச்சர். பழைய வீடு ஒன்றின் கூரையைப் பிரிக்கும்போது உத்திரம் முறிந்து, அதோடு சேர்ந்து விழுந்தவர். நாற்பது வயதுக்கு மேலிருக்கும். பேச்சு குறைவு, மரியாதை அதிகம். வந்த புதிதில் அவர் கால்கள் ஈரத்துணிபோலக் கிடந்தன. சில வாரம் போனதும் ஒருநாள் போர்வையை எடுத்தபோது வலது கால் வெடுக்கென்று மடங்கி உதைத்தது. பக்கத்தில் இருந்த அவர் மனைவி பீவியம்மாள் கையிலிருந்த சொம்பைக் கீழே போட்டுவிட்டு அழுதார். மறுநாள் வார்டு முழுக்க எல்லோருக்கும் பேரீச்சம்பழம் கொடுத்தார்.

உங்களுக்கு இது என்னவென்று தெரியும். அடிபட்ட அதிர்ச்சி தணிந்ததும், காயத்துக்குக் கீழே உள்ள தண்டுவடம் மேலிடத்தின் உத்தரவு இல்லாமலே தன்பாட்டுக்கு வேலை செய்ய ஆரம்பிக்கும். தொட்டால் உதைக்கும், குளிர்ந்தால் துள்ளும். அந்த உதையில் அந்த மனிதன் இல்லை. டாக்டர் இதைக் காதர் பாயிடம் பக்குவமாகச் சொன்னார். பாய் தலையசைத்துக் கேட்டுக்கொண்டார். ஆனால் அதற்குப் பிறகும் கால் உதைக்கும்போதெல்லாம் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து போகும். அதைப் பார்க்காததுபோல நான் போர்வையைச் சரிசெய்வேன். தலையசைத்தவர் எல்லாம் ஏற்றுக்கொண்டவர் என்று நீங்கள் எண்ணிவிடாதீர்கள்.

அடுத்த கட்டிலுக்குத் தேசிங்கு வந்தான். பிள்ளைச்சாவடிக்காரன், கட்டுமரத்தில் தூண்டில் போடுபவன். கரைக்குத் திரும்பும்போது அலை மரத்தைப் புரட்டி இடுப்பிலேயே அடித்துவிட்டது. முப்பது வயதுகூட ஆகவில்லை. மனைவி அலமேலு தினமும் காலையில் மீன் விற்ற கையோடு வந்துவிடுவாள். அவனுடைய கால்களும் ஈரத்துணிதான். வாரங்கள் ஓடின. காதர் பாய்க்கு வந்த உதைகூட அவனுக்கு வரவில்லை. டாக்டர் ஊசியால் குத்திப் பார்த்தார், பஞ்சால் தடவிப் பார்த்தார், ஒன்றும் இல்லை. வெளியே வராந்தாவில் தரையில் ஆள் படுத்திருந்த காலம் அது. இனி செய்வதற்கு இல்லை என்று ஆனவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டுத்தான் அடுத்தவரைக் கட்டிலில் ஏற்ற முடியும். தேசிங்கை அனுப்பிவிடலாம் என்று டாக்டர் முடிவு செய்தார். அதைச் சொன்ன அன்று அவர் சாப்பிடப் போகாமல் நின்றதை நான் பார்த்தேன். கடற்கரைக் குடிசையில், மணல் தரையில், பாயில் கிடக்கப் போகிற உடம்பு மழைக்காலத்தைத் தாண்டாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

போகிற நாள் காலையில் தேசிங்கின் தம்பி வைக்கோல் பரப்பிய மாட்டுவண்டியை வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டான். அலமேலு சாமான்களைக் கட்டிக்கொண்டு வண்டிக்குப் போயிருந்தாள். வழக்கமாகச் சாயங்காலம்தான் அவன் காலைக் கழுவுவேன். புறப்படுகிறவனாயிற்றே என்று அன்று காலையிலேயே தண்ணீரும் துணியுமாகப் போனேன். போர்வை காலை அழுத்தாமலிருக்க மூங்கிலை வளைத்து ஒரு கூண்டு வைத்திருப்போம், அதன்மேல்தான் போர்வை கிடக்கும். கூண்டைத் தூக்கிப் பார்த்தால், வலது கால் கட்டைவிரலில் தூண்டில் கயிறு. விரலில் இறுக்கிக் கட்டி, மறுமுனையைக் கட்டிலின் கால்மாட்டுக் கம்பியில் விறைப்பாக முடிந்திருந்தது. விரலைச் சுற்றிக் கன்றிப்போன ஒரு வளையம்.

எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. உணர்வில்லாத விரலில் கயிறு கட்டினால் என்ன ஆகும் என்று அந்த வார்டுக்குள் நுழைகிற ஒவ்வொருவருக்கும் சொல்லியிருந்தேன். ரத்தம் நின்று விரல் கறுத்து அழுகும், அவனுக்குத் தெரியவே தெரியாது. ஒரு வார்த்தை பேசாமல் கத்தரியை எடுத்துக் கயிற்றை நறுக்கினேன்.

தேசிங்கு மல்லாந்து படுத்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். தலையைத் தூக்கக்கூடாது என்று உத்தரவு. தூக்கினாலும் கூண்டு மறைக்கும். அங்கிருந்தபடியே கேட்டான்.

"அறுத்துட்டீங்களா மதாம்?"

துணியைப் பிழிந்துகொண்டிருந்த கை நின்றுவிட்டது. எப்படித் தெரியும் என்று கேட்டேன். "புடி உட்டுப்போச்சே" என்றான்.

பிறகு மெதுவாக வெளியே வந்தது கதை. கடலில் நெடுநேரம் காத்திருக்கும்போது தூண்டில்காரர்கள் கயிற்றைக் கால் கட்டைவிரலில் சுற்றிக்கொள்வார்கள். கை துடுப்புக்கு வேண்டும். கண் அசந்தாலும் மீன் கடித்தால் விரல் சொல்லிவிடும். கால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் கிடந்த தேசிங்கு, தனக்குத் தெரிந்த வழியில் அதைத் தேட ஆரம்பித்திருக்கிறான். தினமும் காலையில் அலமேலு வந்து கயிற்றைக் கட்டுவாள், நாங்கள் புரட்ட வரும்போதும் சாயங்காலம் நான் கழுவ வருவதற்குமுன்னும் அவிழ்த்துவிடுவாள். முதலில் ஒன்றுமே இல்லையாம். இப்போது சில நாளாக, எங்கேயோ ஆழத்தில் ஒரு பாரம் தொங்குவதுபோலத் தெரிகிறதாம். ஏன் சொல்லவில்லை என்றேன். "கயித்த புடுங்கிடுவீங்க மதாம்" என்றான். அதுவும் உண்மைதான்.

டாக்டரிடம் ஓடினேன். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, கத்தரியின் சத்தம் அவன் காதில் விழுந்திருக்காதா என்றார். விழுந்திருக்கும். நீ நின்ற இடத்தை அவன் அறிவான்தானே என்றார். அறிவான். நாமெல்லாம் நம்ப ஆசைப்படுகிறோம், அதனால்தான் நம்மை நாமே முதலில் சந்தேகப்பட வேண்டும் என்று பிரெஞ்சில் சொன்னார். சொல்லிவிட்டு ஊசியோடு எழுந்து வந்தார்.

அந்தச் சோதனை மோசமாகப் போனது. வாசலில் வண்டி நிற்கிறது, உள்ளே டாக்டர் ஊசியோடு நிற்கிறார். தேசிங்குக்குப் புரிந்துவிட்டது, இது தன் உயிருக்கான கேள்வி என்று. குத்துகிறதா என்றால் குத்துகிறது என்றான். பஞ்சா ஊசியா என்றால் வாய்க்கு வந்ததைச் சொன்னான். ஊசியை விரலுக்கு மேலே வெறும் காற்றில் பிடித்துக்கொண்டு டாக்டர் கேட்டார். அதற்கும் "குத்துது முசே" என்றான். டாக்டர் ஊசியைத் தட்டில் வைத்தார். அவன் தம்பி வார்டு வாசலில் வந்து நின்று, வெயில் ஏறுவதற்குள் அண்ணனைக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறோம், மாடு நிற்கமாட்டேன் என்கிறது என்றான்.

அந்த இடத்தில் எனக்கு ஏற்பட்ட தவிப்பை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. அவன் பொய் சொன்னது உண்மை. ஆனால் கத்தரித்தபோது பொய் சொல்ல அவனுக்கு நேரமில்லை, காரணமும் இல்லை. ஊசி அவனைப் பயமுறுத்துகிறது. கயிற்றைப் பற்றி அவன் ஆயுளில் பொய் சொல்லியிருக்கமாட்டான். மீன் கடிக்காதபோது கடித்தது என்று இழுப்பவன் தூண்டில்காரன் ஆகமுடியுமா? கயிற்றாலேயே ஒருமுறை கேட்டுப் பாருங்கள் முசே என்றேன்.

செய்தால் ஒழுங்காகச் செய்வோம் என்றார் டாக்டர். அதற்கு மேல் எல்லாம் அவர் ஏற்பாடு. தேசிங்கின் முகத்தில் துண்டைப் போடச் சொன்னார். அதற்குள் திரும்பி வந்திருந்த அலமேலுவை வராந்தாவுக்கு அனுப்பினார், அவள் மூச்சே காட்டிக்கொடுத்துவிடும் என்று. இழுக்கும்போது கால் நகர்ந்து உடம்பை ஆட்டிவிடாமலிருக்க, முழங்காலையும் கணுக்காலையும் தலையணையில் வைத்து என்னைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். விரலுக்குப் பஞ்சு சுற்றி அதன்மேல் கயிற்றைக் கட்டினோம். மறுமுனையை அவரே வாங்கிக்கொண்டு கால்மாட்டில் நின்றார். பிறகு துண்டுக்கு அருகே குனிந்து, அவர் சொன்னது ஒன்றுதான்: "கடிச்சா மட்டும் சொல்லு. கடிக்கலன்னா சும்மா இருக்கலாம். அதுவும் எனக்குச் சரியான பதில்தான்."

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அவர் என் ஆசான். இல்லை என்று சொல்ல வழி வைக்காமல் கேட்கிற கேள்விக்கு ஆமாம் என்ற பதிலால் பயனில்லை.

டாக்டர் மெல்ல ஒரு சுண்டு சுண்டினார். கொஞ்சம் தாமதமாக, துண்டுக்குள்ளிருந்து "இப்ப" என்றான். இன்னொரு முறை. "இப்ப." பிறகு டாக்டர் கயிற்றைப் பிடித்தபடி அசையாமல் நின்றார். அவன் பேசவில்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. வார்டில் ஒருவரும் இருமக்கூட இல்லை. வாசலில் நின்ற தம்பிக்குப் பொறுக்கவில்லை.

"சொல்லு அண்ணே" என்றான்.

"சும்மா கெட. ஒண்ணும் கடிக்கல" என்றான் தேசிங்கு.

டாக்டரின் கை லேசாக நடுங்கியது. அதற்கு அவன், இது கடி இல்லை முசே, நீரோட்டத்தில் கயிறு ஆடுவதுபோல இருக்கிறது என்றான். டாக்டர் சத்தமில்லாமல் கயிற்றைத் தளரவிட்டார். உடனே, "உட்டுட்டீங்க" என்றான். அதற்குப் பிறகும் அவர் விடவில்லை. மாற்றி மாற்றிச் செய்து பார்த்தார். இடது காலில் கட்டினால் அவன் வாயே திறக்கவில்லை, வலது கட்டைவிரல் மட்டும்தான். கடைசியில் துண்டை எடுத்துவிட்டு, வலது விரலை மடக்கப் பார் என்றார். அவன் நெற்றி வேர்க்க முயன்றான். விரல் அசைந்ததா என்று கேட்டால் சத்தியம் செய்யமாட்டேன். விரலின் அடியில் தசை ஒன்று சுருங்கித் தளர்ந்தது. டாக்டர் அதன்மேல் தன் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

வண்டி காலியாகத் திரும்பிப் போனது. நடப்பான் என்று சொல்லமாட்டேன், ஓர் இழை தப்பியிருக்கிறது என்றுதான் சொல்வேன் என்று டாக்டர் குடும்பத்திடம் கறாராகச் சொல்லிவிட்டார். அந்தக் கட்டிலுக்காக வராந்தாவில் காத்திருந்த நோயாளியை வேறெங்கோ பேசி இடம் பிடித்து அனுப்பினார். தேசிங்கு மழைக்காலம் முழுவதும் அந்தக் கட்டிலில் இருந்தான். தினம் விரலை மடக்கச் சொல்வோம், கணுக்காலைத் தூக்கச் சொல்வோம். செய்ததையே செய்து அவனுக்கும் எங்களுக்கும் அலுத்துப்போகும். எப்போதோ ஒருநாள் முழங்கால் மடங்கியது. அந்தப் பெண் திரையில் காட்டிய பக்கக் கிளைகள் அப்போது அவனுக்குள் வளர்ந்துகொண்டிருந்தன என்று இன்று தெரிகிறது. கடைசியில் இரண்டு கோல்களை ஊன்றி, இடது காலை இழுத்துக்கொண்டு நடந்து போனான். கட்டுமரம் ஏறவே இல்லை. கரையில் மீன் ஏலம் போடும் வேலைக்குப் போனான், குரல் மட்டும் எங்கள் வார்டிலேயே பெரிய குரல்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் இதைச் சொல்ல உங்களைக் கூப்பிட்டிருக்கமாட்டேன். நல்லபடியாக முடிந்ததைச் சொல்ல எல்லோரும் இருக்கிறார்கள்.

தேசிங்கைச் சோதித்துக்கொண்டிருந்தபோது அடுத்த கட்டிலில் காதர் பாய் ஒருக்களித்து, எங்களைப் பார்த்தபடி படுத்திருந்தார். அவரை அப்படிப் புரட்டிவைத்ததே நான்தான், அது அவருக்குப் புரட்டும் நேரம். கட்டில்களுக்கு நடுவே துணித்திரை ஒன்று உண்டு. உடம்பு துடைக்கும்போது மட்டும்தான் அதை இழுப்பது எங்கள் வழக்கம். அவர் எல்லாவற்றையும் பார்த்தார். தேசிங்குக்குக் கட்டில் தங்கியதும் முதலில் வாழ்த்தியவரும் அவர்தான்.

சில நாள் அவர் ஒன்றும் கேட்கவில்லை. கால் உதைத்தாலும் அந்த வெளிச்சம் முகத்தில் வருவது நின்றிருந்தது. ஒருநாள் பகல் தொழுகையைப் படுத்தபடியே முடித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். எனக்கும் ஒருதரம் அந்தக் கயிற்றைக் கட்டிப் பாருங்களேன் அம்மா என்றார்.

விடை எனக்குத் தெரியும். டாக்டர் அவரை எத்தனையோ முறை சோதித்தாயிற்று. நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம், அப்படிச் சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. அன்று மாலை டாக்டரிடம் போய், இது வேண்டாத கொடுமை இல்லையா என்று கேட்டேன். டாக்டர், பாய் தானாகக் கேட்கிறார் என்றால் பாதி அவருக்கே தெரிந்திருக்கிறது, மிச்சப் பாதியோடு அவரைத் தனியாக விடாதே என்றார். நானே வரட்டுமா என்றும் கேட்டார். வேண்டாம், என்னிடம்தானே கேட்டார், நானே செய்கிறேன் என்றேன்.

நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மனம் கனத்துப்போய்க் கேட்பீர்கள். காதர் பாய் அதற்குப் பிறகும் நெடுங்காலம் உயிரோடு இருந்தார், எங்கள் வார்டிலிருந்து போன அந்த மாதிரி நோயாளிகளில் அவரைப்போல இருந்தவர்கள் குறைவு. தனக்குத்தானே சக்கரம் வைத்த பலகை ஒன்று செய்துகொண்டார். வீட்டு வாசலில் தாழ்வான பட்டறை போட்டு, உட்கார்ந்தபடியே முக்காலியும் மணையும் செய்தார். கொம்பில் கண்ணாடி ஒன்றைக் கட்டிவைத்து, தினம் தன் முதுகையும் குதிகாலையும் தானே பார்ப்பார். கண்ணுக்கு எட்டாததைப் பீவியம்மாள் பார்த்துச் சொல்வார். அவர் உடம்பில் பெரிய புண் என்று ஒன்று வந்ததே இல்லை. எப்படி இவ்வளவு கவனம் என்று வியந்தவர்கள் உண்டு. அது எந்தப் பகல் பொழுதில் ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியும்.

பாய் கேட்டதற்கு மறுநாள் பகலில் திரையை நன்றாக இழுத்துவிட்டுத்தான் அவர் பக்கம் போனேன். திரைக்கு அப்பாலிருந்து தேசிங்கு, என் கயிற்றையே எடுத்துக்குங்க மதாம் என்று நீட்டினான். அவன் குரல் வழக்கம்போலப் பெரிதாக இல்லை. காதர் பாயின் வலது விரலில் பஞ்சைச் சுற்றி, இறுகாமல் கயிற்றைக் கட்டினேன். இழுத்தால் சொல்லுங்கள், தெரியாவிட்டால் சும்மா இருங்கள் என்று டாக்டர் சொன்னதையே சொன்னேன். அவர் துண்டு வேண்டாமென்று தானாகவே கண்ணை மூடிக்கொண்டார். கை இரண்டையும் மார்பின்மேல் வைத்துக்கொண்டார்.

மெல்ல இழுத்தேன். அவர் பேசவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தி இழுத்தேன். என் இடது கைக்குள் அவர் கால் ஒருமுறை துள்ளியது, அதை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். மறுபடி இழுத்தேன். விட்டேன். இழுத்தேன். அவர் முகம் அவ்வளவு கவனத்தோடு இருந்தது, யாரோ தூரத்தில் கூப்பிடுவதைக் கேட்கக் காத்திருப்பவர்போல. சும்மா ஒரு தடவை 'இப்ப' என்று சொல்லிப் பார்த்திருக்கலாம். அவர் சொல்லவில்லை. திரைக்கு அப்பால் தேசிங்கு மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது.

அவர் கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"இன்னும் கட்டலியாம்மா?"

பொய் சொல்ல எனக்கு எல்லாம் தயாராக இருந்தது. முடிச்சு அவிழ்ந்துவிட்டது என்று சொல்லலாம், இன்னொரு நாள் செய்வோம் என்று சொல்லலாம். அவரும் நம்பியிருப்பார், ஏனென்றால் அவர் என்னை நம்பினார். அதனாலேயே என்னால் முடியவில்லை.

"கட்டிட்டேன் பாய்" என்றேன். "இழுத்துக்கினுதான் இருக்கேன்."

அவர் கண்ணைத் திறந்து விட்டத்தைப் பார்த்தார். நான் கயிற்றைப் பிடித்தபடியே நின்றேன். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, அதை அவரிடமிருந்து மறைக்கவும் இல்லை. வெளியே யாரோ வாளியை வைத்துவிட்டுப் போனார்கள். அவர் பேசியபோது குரல் உடையவில்லை.

"அப்ப அவுத்துடுங்கம்மா. இறுக்கிக்கிச்சின்னா எனக்குத் தெரியாது."

அவிழ்த்தேன். பஞ்சையும் எடுத்தேன். விரலில் தடம் ஏதாவது விழுந்திருக்கிறதா, நன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள் என்றார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இல்லை என்றேன்.